பூங்காவை முதலில் வரையுங்கள், மனைகளைப் பிறகு

கேள்வி: சில குடும்பங்கள் சேர்ந்து, 200 மீட்டருக்கு 200 மீட்டர் அளவுள்ள 4 ஹெக்டேர் நிலத்தில் குடியிருப்பு அமைக்கவிருக்கிறோம். வரைபடத்தில் மூலைக்கு ஒன்றாக, 1,000 சதுர மீட்டர் அளவில் நான்கு பூங்காக்கள் உள்ளன. இவற்றை ஒன்றாக இணைத்தால் மனைகள் குறையுமா?

பதில்: குறைய வேண்டியதில்லை. மூலைப் பூங்கா ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கங்கள் எல்லை மதிலோடு போய்விடுவதால், நான்கிலும் சேர்த்து வீடுகள் பார்த்து நிற்கக்கூடிய விளிம்பு ஏறத்தாழ 250 மீட்டர்தான் தேறும். அதே 4,000 சதுர மீட்டரை 20 மீட்டர் அகலத்தில் நிலத்தின் குறுக்கே ஒரே பட்டையாக நீட்டினால், இருபுறமும் சேர்த்து 400 மீட்டர் கிடைக்கும். குறுக்கே செல்லும் சாலைக்குச் சற்றுக் கழித்தாலும் லாபமே.

அந்தப் பட்டை எங்கே ஓட வேண்டும் என்பதை மழைநீரே சொல்லும். பலத்த மழை ஓய்ந்ததும் நிலத்தைச் சுற்றி நடந்து, நீர் வழியும் தடத்தில் முளைக்குச்சிகளை அடித்து வையுங்கள். அதுவே பூங்காவின் முதுகெலும்பு. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1970களில் உருவான வில்லேஜ் ஹோம்ஸ் குடியிருப்பில் மழைநீரைக் குழாய்களில் புதைக்காமல், பொதுப் பசும்பரப்பில் ஆழமற்ற புல்வாய்க்கால்களாகவே ஓடவிட்டார்கள். நீங்களும் அப்படிச் செய்வதானால், கரைச்சரிவு 3 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 1 மீட்டர் உயரம் என்பதைவிடச் செங்குத்தாக வேண்டாம். மண் அரிக்கும், புல் வெட்டுவதும் சிரமம்.

வீடுகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வடிவமைத்து, நியூஜெர்சியில் 1929இல் குடியேற்றம் தொடங்கிய ராட்பர்ன் குடியிருப்பில், வீட்டின் முகப்பு பூங்காவையும் பின்புறம் வண்டிகள் வரும் சந்துப் பாதையையும் பார்த்தன. நடைபாதை சாலைக்கு அடியில் புகுந்து சென்றது. அழகான ஏற்பாடு, ஆனால் வருவோர் போவோரெல்லாம் வண்டியில் வந்ததால் சந்துப்பக்கமே நடைமுறையில் வாசலாகிவிட்டது. ஆகவே இருபுறமும் மதிப்பான வாசல் வையுங்கள்; பூங்காப் பக்கம் உயர்ந்த மதில் எழுப்புவதை மட்டும் அனுமதிக்காதீர்கள், பார்வை படாத பூங்காவில் மாலைக்குப் பிறகு யாரும் நடப்பதில்லை.

கட்டுமானம் தொடங்கும் முன்பே, நிற்கும் மரங்களின் கிளை விரிந்த எல்லைக்கு வெளியே வேலியிடுங்கள். வண்டிச் சக்கரம் அழுத்தி இறுகிய மண்ணில் வேர் மூச்சுவிடாது. பூங்காப் பட்டையின் உரிமையும் பராமரிப்புச் செலவின் பங்கும் ஒவ்வொரு மனைப் பத்திரத்திலும் எழுதப்பட வேண்டும், முதல் மனை விற்பதற்கு முன்பாகவே.