கரை போனால் கோடும் போகுமா?

அன்புள்ள ஐயா,

பூம்புகாரில் நாங்கள் சின்ன வயதில் ஓடி விளையாடிய மணல் இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனது உங்களுக்கும் தெரியும். நாட்டின் கடல் எல்லையைக் கரையிலிருந்துதான் அளப்பார்கள் என்று படித்தேன். அப்படியானால் கரை உள்ளே வர வர நம் கடலும் சுருங்குமா? இலங்கையோடு போட்ட கோடும் நம் பக்கம் நகர்ந்து வருமா?

க., சீர்காழி

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வராது.

கோடியக்கரைக்கும் எதிரே யாழ்ப்பாணக் கரைக்கும் நடுவே சுமார் 30 கடல் மைல்தான். மீன், எண்ணெய் போன்ற கடல்வளங்களுக்காக ஒவ்வொரு நாடும் 200 மைல் கேட்கலாம் என்ற விதியை வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாது, பேசித்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். 1974இல் பாக் நீரிணைக்கும், 1976இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். 1974 ஒப்பந்தத்தின் முதல் புள்ளி வடக்கே 10 டிகிரி 5 நிமிடம், கிழக்கே 80 டிகிரி 3 நிமிடம். வரைபடத்தை விரித்து அளந்து பாருங்கள், கோடியக்கரையிலிருந்தும் காங்கேசன்துறையிலிருந்தும் கிட்டத்தட்ட 16 மைல் வரும். கரையைப் பார்த்துத்தான் புள்ளியைக் குறித்தார்கள். குறித்து முடித்தபின் ஒப்பந்தத்தில் மிஞ்சியது வெறும் எண்கள். நம் மீனவர்கள் ஜி.பி.எஸ். திரையில் பார்க்கிற பார்டர், அந்த எண்களை இணைத்த கோடு.

நிலைமை அடியோடு மாறிவிட்டது என்று காரணம் காட்டி ஒப்பந்தத்திலிருந்து விலக 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை ஒரு வாசல் வைத்திருக்கிறது. எல்லை ஒப்பந்தங்களுக்கு மட்டும் அதே 62ஆம் பிரிவில் அந்த வாசலைச் சாத்தியும் வைத்திருக்கிறது. (கச்சத்தீவு பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் யாரும் இந்தப் பிரிவைத் தொட்டு நான் கேட்டதில்லை.)

முதல் கேள்விதான் ருசியானது. எதிரே வேறு நாடு குறுக்கிடாத இடத்தில் நாட்டின் சொந்தக் கடலான 12 மைல், வளங்களுக்கான 200 மைல் எல்லாவற்றையும் வற்றத்தில், அதாவது கடல் நீர் இறங்கியிருக்கும்போது, தண்ணீர் நிற்கும் கோட்டிலிருந்து அளக்கிறார்கள். 1982ஆம் ஆண்டு கடல் சட்ட உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, ஆனால் அரசு ஏற்ற வரைபடத்தில் காட்டியுள்ள கோடு என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டிருக்கிறது. ஆக, இன்றைக்கு அலை அடித்துக்கொண்டு போன பத்தடி நாளைக்கே கணக்கில் வராது. படம் மாறினால் கணக்கும் மாறலாம்.

டெல்டாக்காரர்களுக்கென்றே ஒரு சலுகையும் உண்டு. ஆற்று முகத்துவாரக் கரை மிகவும் நிலையற்றதாக இருந்தால், வற்றக்கோடு கடல்பக்கம் அதிகம் நீண்டிருக்கும் இடங்களில் புள்ளிகளைக் குறித்து நேர்கோடுகளால் இணைக்கலாம் என்கிறது 7ஆம் பிரிவு. பிறகு கரை பின்வாங்கினாலும், அரசே மாற்றும்வரை அந்தக் கோடு செல்லுபடியாகும். கொள்ளிடம், பழையாறு பக்கத்து அரிப்பு அந்த அளவுக்கு 'நிலையற்றது' ஆகுமா? எனக்குச் சந்தேகம்தான். கங்கை, பிரம்மபுத்திரா முகத்துவாரத்தின் ஆட்டம் வேறு ரகம்.

அந்த ஆட்டமே வழக்காகவும் வந்தது. இந்தியாவும் வங்கதேசமும் மோதிய வழக்கில், கரை நிலையில்லாதது, பருவநிலை மாற்றத்தில் இன்னும் மாறும் என்று வங்கதேசம் வாதிட்டது. இன்றைக்கு இருக்கும் கரைதான் எங்களுக்குக் கணக்கு என்று நடுவர் மன்றம் 2014இல் சொல்லிவிட்டது. இரு நாடுகளும் பல ஆண்டுகள் உரிமை கொண்டாடிய நியூ மூர் மணல்திட்டைக் கோடு போட ஆதாரமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

கடல் பரப்பு சுருங்கும் கவலை பசிபிக் தீவு நாடுகளுக்குத்தான் அதிகம். கடல்மட்டம் உயர்ந்தாலும் எங்கள் எல்லைகளைக் குறைக்க மாட்டோம் என்று 2021இல் அவை கூட்டாக அறிவித்தன. பூம்புகாரில் நாம் இழப்பது படகு ஏற்றிவைக்கும் மணலை. அதற்குக் கடல் சட்டத்தில் பதில் தேடிப் பயனில்லை. 1934இல் வந்த மேட்டூர் அணை தேக்கிக்கொள்ளும் வண்டலில் தொடங்கி, கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு பக்கத்து ஊர்க் கரையை என்ன செய்கிறது என்பது வரை பேச வேண்டும். அதை இன்னொரு கடிதத்தில் கேளுங்கள், எழுதுகிறேன்.