வாசகர் கேள்வி: பழைய விமானத்துக்கு மறுவாழ்வு உண்டா?

கேள்வி: எங்கள் பகுதியில் பழைய சரக்கு லாரிகளைத் தண்ணீர் லாரிகளாக மாற்றி ஓட்டுகிறார்கள். பயணிகள் விமானங்களையும் அப்படி மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முடியும், ஆனால் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டால் முடிந்துவிடும் வேலையல்ல அது. சரக்கு விமானமாக மாற்றும்போது இருக்கைகளை அகற்றி, தரையை வலுப்படுத்தி, பெரும்பாலும் முன்பகுதியின் இடப்புறத்தில் உடலையே வெட்டிப் பெரிய கதவு பொருத்துகிறார்கள். வெட்டிய இடம் பலவீனப்படாமல் சுற்றிலும் வலுவூட்டுவதுதான் இதில் நுட்பமான பகுதி. எரிபொருள் நிரப்பும் விமானமென்றால், தேவைக்கேற்ப அடித்தளச் சரக்கறையில் கூடுதல் தொட்டிகளையும், பறந்தபடியே அடுத்த விமானத்துக்கு எரிபொருள் கொடுக்கும் குழாயையும் சேர்க்க வேண்டும்.

1982இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போரில் தொலைதூரப் பறப்பின் சிரமத்தை உணர்ந்த பிரிட்டிஷ் விமானப்படை, பிரிட்டிஷ் ஏர்வேஸும் அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனமும் பயன்படுத்திய லாக்ஹீட் டிரைஸ்டார் பயணிகள் விமானங்களை வாங்கி இவ்வாறு மாற்றியமைத்து, 2014 வரை பறக்கவிட்டது. நெதர்லாந்து இரண்டு டிசி-10 விமானங்களை மாற்றிக்கொண்டது. பயணிகள் விமானங்களை இந்தியாவிலேயே எரிபொருள் விமானங்களாக மாற்றுவதற்கு, அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) 2022இல் இஸ்ரேலிய நிறுவனமொன்றுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது.

பழைய எஞ்சின் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் நாளொன்றுக்குச் சில மணி நேரமே பறக்கும் விமானத்துக்கு, குறைந்த வாங்கு விலை அந்தச் செலவைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. தண்ணீர் லாரிக்காரர்களின் கணக்கும் ஏறக்குறைய இதுதான்.