‘ஷஃபிள்பாட்டம்’ என்றெல்லாம் ஆங்கிலேயர்களுக்கு ஏன் குடும்பப் பெயர் இருக்கிறது? இப்போது அந்தப் பெயர் ஏன் குறைந்துகொண்டே வருகிறது?

கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் கடந்து போயிருப்பேன். அதன் கீழே ‘இப்படி ஒரு பெயரோடு எப்படி வெளியே தலைகாட்டுகிறார்கள்’ என்று எழுதி, மூன்று சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பதில்.

நீங்கள் அநேகமாக இங்கிலாந்து கிளையன்ட்டோடு தினமும் பேசும் வேலையில் இருக்கிறீர்கள். மீட்டிங் பட்டியலில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள், பக்கத்து சீட்டுக்காரருக்கும் காட்டியிருப்பீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், 2004-ல் நானும் அதையேதான் செய்தேன்.

அப்போது வட இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து இரண்டாவது வாரம். வார்டுக்கு வாரம் இரண்டு நாள் தேநீர் வண்டி தள்ளிக்கொண்டு ஒரு வயதான அம்மா வருவார். சம்பளம் கிடையாது, சேவையாகச் செய்பவர். அவர் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் ஷஃபிள்போத்தம் என்று இருந்தது. நான் வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஷஃபிள் என்றால் காலை இழுத்து இழுத்து நடப்பது, போத்தத்தைப் பாட்டம் என்றே எடுத்துக்கொண்டேன், பாட்டம் என்றால் பின்புறம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயை மூடிக்கொண்டேன், ஆனாலும் அவர் பார்த்துவிட்டார்.

கோபப்படவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, என் அட்டையைக் கண்ணுக்கு அருகில் இழுத்து நிதானமாகப் படித்தார். ‘பழனியாண்டி. இதற்கு என்ன அர்த்தம், லவ்?’ அந்தப் பக்கம் எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள், நம்மூரில் முன்பின் தெரியாதவரையும் ‘கண்ணு’ என்று கூப்பிடுகிற மாதிரி. பழனி ஒரு மலை, அந்த மலையில் இருக்கும் சாமியின் பெயர், அது என் அப்பாவின் பெயர் என்று சொன்னேன். ‘அப்படியா! உன்னுடையது மலை, என்னுடையது மலைக்குக் கீழே இருக்கும் பள்ளம்’ என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் எனக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அந்தத் தேநீர் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வரலாறு படித்தவள் இல்லை. அந்த அம்மாவோடு பதின்மூன்று வருடம் பழகியதிலும், அவர் கொடுத்த புத்தகங்களைப் படித்ததிலும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். ‘வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா’ என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். ஒரு பெயரின் பொருளைச் சொல்வது வக்காலத்து ஆகாது.

பழைய ஆங்கிலத்தில் ‘பொத்ம்’ என்றால் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி. இரண்டு மேட்டுக்கு நடுவே ஓடை ஓடும் தாழ்ந்த நிலம். நாம் ஓடைப்பள்ளம் என்போமே, அதுதான். லங்காஷயர், யார்க்ஷயர் மலைப்பகுதி முழுக்க இப்படிப்பட்ட பள்ளங்கள்தான், அதனால் அந்தப் பக்கத்துப் பெயர்களிலும் பாட்டம் நிறைய. ராம்ஸ்பாட்டம், லாங்பாட்டம், சைட்பாட்டம், வின்டர்பாட்டம் எல்லாம் அப்படித்தான். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இயான் போத்தம் தெரியும், ரயன் சைட்பாட்டம் தெரியும். 1946-லிருந்து 1962 வரை இங்கிலாந்து கால்பந்து அணிக்கு முதல் மேலாளராக இருந்தவர் வால்டர் வின்டர்பாட்டம். போத்தம் என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வராது, பாட்டம் என்றால் மட்டும் வரும். வேர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஷஃபிள்பாட்டத்தில் இருக்கும் ‘ஷஃபிள்’ நடையும் இல்லை, சீட்டைக் கலைப்பதும் இல்லை. லங்காஷயரில் பெரி என்ற ஊர்ப்பக்கம் இருந்த ஷிப்பர்பாட்டம் என்ற இடத்தின் பெயர் அது. 13-ஆம் நூற்றாண்டுப் பதிவில் அந்த இடத்தை ‘ஷிப்பெவல்லெபொத்தெம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஷிப் என்றால் செம்மறி ஆடு, வெல்ல என்றால் ஊற்று அல்லது நீரோடை. செம்மறிகளை ஓட்டி வரும் ஓடை இருக்கும் பள்ளம். அங்கிருந்து வந்தவனை ‘ஷிப்பர்பாட்டத்துக்காரன்’ என்றார்கள். நம் சங்கீதக்காரர்களை அரியக்குடி, செம்மங்குடி என்று ஊரை வைத்தே சொல்வதில்லையா? நமக்கு அது அந்த ஒரு ஆளோடு நின்றுவிடும். அவர்களுக்கு மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று ஒட்டிக்கொண்டே போய்விட்டது.

இப்படி ஒட்டிக்கொள்ளும் வழக்கம் 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகுதான் மெல்ல வேர் பிடித்தது. முதலில் நிலம் வைத்திருந்த பெரிய குடும்பங்கள், அப்புறம் தெற்கத்திச் சனங்கள், கடைசியாகத்தான் வடக்கே ஏழைபாழைகள். 1377, 1379, 1381 ஆண்டுகளில் தலைவரி வாங்கியபோது ஆட்களைப் பெயர் பெயராக எழுதினார்கள். 1538 முதல் தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. எழுதியவர் பாதிரியார் அல்லது குமாஸ்தா. சொன்னவனுக்கு எழுதத் தெரியாது. காதில் விழுந்ததுதான் எழுத்து. இடத்தின் பழைய பெயர் மறந்துபோன பிறகு, ஷிப்பர் என்பது எழுதுகிறவனுக்குத் தெரிந்த ஷஃபிள் ஆகிவிட்டது. ஷஃபிள்பாட்டம், ஷஃபிள்போத்தம், ஷிப்பர்பாட்டம், ஷூபாட்டம் என்று ஒரே வேரில் அத்தனை கிளை.

இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டு, சமையல் மேசையில் ஒரு துணியை விரித்துக் குடும்பச் சான்றிதழ்களைப் பரப்பினார். அவர் பூட்டனுடைய திருமணச் சான்றிதழ் ஒன்று. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. கோடு இரண்டும் ஒரே நீளத்தில் இல்லை, ஒன்றில் மை திட்டாக நின்றிருந்தது. பேனாவையே பிடித்துப் பழகாத கை. அந்தக் குறிக்குப் பக்கத்தில் குமாஸ்தா ‘பாட்டம்’ என்று எழுதியிருக்கிறார். அதே ஆளின் மகனுக்கு, அதாவது இந்த அம்மாவின் தாத்தாவுக்கு, வேறொரு குமாஸ்தா ‘போத்தம்’ என்று எழுதிவிட்டார். அப்பா ஒரு பெயர், மகன் ஒரு பெயர். குடும்பத்தில் யாரும் மாற்றவில்லை.

பெயர் எங்கெல்லாம் பரவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி இடப்பெயர்கள் பல நூற்றாண்டு பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. ஹென்றி கப்பி என்பவர் 1890-ல் இங்கிலாந்துக் குடும்பப் பெயர்கள் எந்தெந்த மாவட்டத்துக்குச் சொந்தம் என்று ஒரு புத்தகமே போட்டார். அதற்கு அவர் கணக்கெடுத்தது விவசாயிகளை. நிலத்தை விட்டு நகராதவன் விவசாயிதான், பெயரும் அவனோடு அங்கேயே கிடக்கும் என்பது அவர் யோசனை. ஷஃபிள்பாட்டங்களும் அப்படித்தான், பெரியைச் சுற்றியும், தெற்கே செஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கமும். பிறகு பஞ்சாலைகள் வந்தன, ரயில் வந்தது, மலைப்பக்கத்துச் சனங்கள் பிழைப்புக்காக நகரங்களுக்கு இறங்கினார்கள். சிலர் கடல் தாண்டினார்கள். கனடாவில் ஷூபாட்டம்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்திலேயே இருந்த ஒரு குடும்பம் ஊர் ஊராகச் சந்தைகளில் ‘டெக்சாஸ்’ பாணி துப்பாக்கி வித்தை காட்டியே பெயர் வாங்கியது. அந்த வீட்டுப் பெண் ஃப்ளோரன்ஸ் ஷஃபிள்பாட்டம் குறி தவறாமல் சுடுவார், பாம்பும் பிடிப்பார். அவர்கள் படங்கள் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் சந்தைக்கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயரை மறைக்காமல் பந்தலில் எழுதி வைத்துச் சம்பாதித்தவர்களும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

குறைந்தது எப்படி? லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ரிச்சர்ட் வெபர் 1881 மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டு 2011-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். ஷஃபிள்பாட்டம் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்திருந்தது. டெத் என்று ஒரு பெயர் உண்டு, சாவு என்றே பொருள். அது 1,133 பேரிலிருந்து 605 பேராகியிருந்தது. இத்தனைக்கும் அந்த இடைவெளியில் நாட்டின் மக்கள்தொகை இரண்டு மடங்காகிவிட்டது. அப்படியே நின்றிருந்தாலே பாதி தேய்ந்ததற்குச் சமம். இது அதையும் தாண்டிய தேய்வு.

ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பெயர் நின்றுபோவது எங்கும் உள்ளதுதான். 1870-களிலேயே கால்ட்டன், வாட்சன் என்ற இருவர் ஒரு குடும்பப் பெயர் எத்தனை தலைமுறையில் அற்றுப்போகும் என்று கணிதமாகவே போட்டுப் பார்த்தார்கள். ஆனால் அது எல்லாப் பெயருக்கும் பொது. ஷஃபிள்பாட்டத்துக்கு வந்த தனிக் கேடு, உங்களைப் போலவும் அன்றைய என்னைப் போலவும் சிரித்தவர்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு தம்பி. 1960-களில் பள்ளி ஆசிரியரானார். வகுப்பில் நுழைந்ததும் பின்பெஞ்சில் பையன்கள் தரையில் காலைத் தேய்ப்பார்களாம். ஒருவன் ஆரம்பித்தால் முப்பது பேரும். ஒரு வருடம் பொறுத்தார். பிறகு ‘டீட் போல்’ என்ற பெயர் மாற்றப் பத்திரம் எழுதி, தன் தாய்வழிப் பெயரை வைத்துக்கொண்டார். இங்கிலாந்தில் அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், சாட்சிகள் முன்னால் ஒரு பத்திரம் எழுதினால் போதும். அறுநூறு எழுநூறு வருடம் வந்த பெயர் ஒரு தாளில் முடிந்தது. அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாருக்கும் அது இல்லை. அந்த அம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் அவரிடம் மட்டும் தங்கியது. தம்பி மேல் அவருக்கு வருத்தமே இல்லை. ‘தினமும் அந்த வகுப்புக்குள் போக வேண்டியது அவன்தானே’ என்பார். எனக்குத்தான் தாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அபூர்வமான பெயர்களுக்கு ஒரு பெருமை உண்டு. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமை (அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் மரபணுத் தொகுதி) ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். ஸ்மித் மாதிரி பொதுப் பெயர்க்காரர்களுக்குள் எந்த உறவும் தெரியவில்லை, ஸ்மித் என்றால் கொல்லன், ஊருக்கு ஒரு கொல்லன் இருந்திருப்பானே. ஆனால் அட்டன்பரோ என்ற பெயர்க்காரர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஒரே தந்தைவழி. ட்ரென்ட் ஆற்றங்கரையில் உள்ள அட்டன்பரோ கிராமத்துப் பெயர் அது. பெயர் அபூர்வமாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரே ஒரு முப்பாட்டன் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உதறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கொஞ்சம் என் ஆற்றாமையையும் சொல்லிக்கொள்கிறேன், கேள்விக்குத் தொடர்பில்லைதான். நமக்கு இருப்பது ஒரு பெயர், ஒரு முதலெழுத்து. விசா படிவத்தில் ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார்கள், அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் மிஸ் பழனியாண்டி. என்னை யாரும் என் பெயரால் அறிய மாட்டார்கள், கடிதமெல்லாம் அப்பா பெயருக்கு. 2011-ல் அப்பா இறந்தார். காரியம் முடித்துத் திரும்பிய முதல் நாள், வார்டின் மறுகோடியிலிருந்து யாரோ ‘பழனியாண்டி!’ என்று உரக்கக் கூப்பிட்டார்கள். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மகனுக்கு அவன் அப்பா பெயர் சர்நேம், என் வீட்டுக்காரருக்கு அவர் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். ஒரு விமான நிலையத்தில் பையன் என்னுடையவன்தானா என்று என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார்கள். பெயர் என்றால் எல்லோருக்கும் இரண்டு கட்டத்துக்குள் அடங்கும் என்று யார் முடிவு செய்தது?

அந்த அம்மா 2017-ல் போய்விட்டார். அதற்கு முந்தைய ஏப்ரலில் என்னை ராம்ஸ்பாட்டம் பக்கம் ஒரு பள்ளத்துக்குக் கூட்டிப் போனார். மேலே புல்மேட்டில் கருங்கல் அடுக்கிய வேலிகள், செம்மறிகள். கீழே மரநிழலில் பழுப்பு நிறத்தில் ஓடை. இறங்க இறங்கப் பூண்டு வாசனை. நம் வீட்டுத் தாளிப்பு வாசனை எப்படி இங்கே என்று திகைத்தேன். தரையெல்லாம் அகல அகலமாக இலை, நடுவில் வெள்ளைப் பூக்கொத்து. காட்டுப்பூண்டு. ‘ராம்ஸ் என்பது இதுதான், லவ்’ என்று ஒரு இலையைக் கிள்ளிக் கையில் வைத்தார். ஆட்டுக்கிடாவை வைத்து வந்த பெயர் என்பாரும் உண்டு, ஆனால் அந்த இலையைக் கசக்கி முகர்ந்த பிறகு நான் அவர் கட்சி.

ஆகவே, அடுத்த மீட்டிங்கில் அந்த ஆள் வந்தால், கடைசியில் பாட்டம் என்று சொல்வதா, போத்தம் என்று சொல்வதா என்று அவரிடமே கேளுங்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். அவர் தாத்தா எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். பெரி என்றோ ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருக்கும் ஸ்டோக் என்றோ சொன்னால், இங்கே கமெண்டில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.