தொய்ந்த பை

வணக்கம்.

நான் பெருந்துறைப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். குழந்தைகள் பள்ளிக்குப் போனபிறகு கிடைக்கும் நேரத்தில் கொக்கி ஊசியால் குரோஷா பின்னுகிறேன். கைபேசியில் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். கடையில் புது நூல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதனால் திருப்பூரிலிருந்து பனியன் வேஸ்ட்டைக் கிலோக் கணக்கில் வாங்கி, பட்டையாக வெட்டி, பையும் மிதியடியும் செய்கிறேன். ஈரோட்டுச் சந்தையில் மலிவாகக் கிடைத்த கோன் நூல், தள்ளுபடியில் வந்த உல்லன் நூல் எல்லாம் சேர்ந்து இப்போது அலமாரி நிறைந்து கிடக்கிறது.

மாமியாருக்கு ஒரு பை பின்னிக் கொடுத்தேன். சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு வருவதற்குள் அது முழங்கால் வரை தொங்கிவிட்டது என்று இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். “நூறு ரூபாய்க்குக் கடையிலேயே நல்ல பை கிடைக்குமே” என்கிறார்கள். மனது சங்கடப்படுகிறது. ஆனால் தோழி ஒருத்தி, விற்கச் சொல்கிறாள். விற்பதானால் என்ன விலை வைப்பது? என் நேரத்துக்குக் கூலி சேர்க்கலாமா? இதெல்லாம் கலையா, வெறும் பொழுதுபோக்கா? உங்கள் கருத்தைச் சொன்னால் தைரியமாக இருக்கும்.

தீபாவளிக்கு உறவினர்களுக்கெல்லாம் உல்லன் நூலில் பாத்திரம் பிடிக்கும் கைப்பிடி பின்னிக்கொண்டிருக்கிறேன். நான்கைந்து பேருக்கு முன்கூட்டியே கொடுத்தும்விட்டேன்.

ச.

*

அன்புள்ள ச.,

போன முகூர்த்தத்தில் காங்கேயத்தில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். தாம்பூலத்தைத் துணிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். “பிளாஸ்டிக் வேண்டாமென்று முடிவு செய்தோம், துணியும் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது” என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். பஸ் ஏறும்போது பையின் காது பிய்ந்து, தேங்காய் படிக்கட்டில் உருண்டு, நடத்துநர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அன்றிலிருந்தே இந்த மலிவுச் சரக்கைப் பற்றித்தான் மனம் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அகப்பட்டுக்கொண்டீர்கள்.

கலையா பொழுதுபோக்கா என்பதை முதலில் தூக்கி எறியுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்ததால் யாருடைய பையும் உறுதியானது கிடையாது. விலை விஷயத்தில், உங்கள் நேரத்துக்குக் கூலி சேர்க்கலாமா என்று அனுமதி கேட்பதே தவறு. சேர்க்கத்தான் வேண்டும். தையல்காரர் சேர்க்காமலா இருக்கிறார்? ஆனால் முழங்கால்வரை தொங்கும் பைக்குக் கூலி கேட்டால் நானும் தரமாட்டேன். ஆகவே அந்தப் பையைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் மாமியாரை எனக்குப் பிடித்துவிட்டது. மருமகள் பின்னியது என்று பூஜை அறையில் மாட்டி வைக்காமல், சந்தைக்கு எடுத்துப்போய் வெங்காயமும் உருளைக்கிழங்கும் நிரப்பியிருக்கிறார். உங்கள் கைவேலைக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன? சிரித்தார் என்று வருத்தப்படுகிறீர்கள். ஏன் தொங்கியது என்று ஒரு வரியாவது யோசித்தீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், இல்லை.

பனியன் துணி தறியில் நெய்ததன்று. நெடுக்கே ஓடும் பாவும் கிடையாது, குறுக்கே ஓடும் ஊடையும் கிடையாது. வட்ட எந்திரத்தில் ஊசிகள் நூலை வளையம் வளையமாகக் கோத்துத் துணியாக்குகின்றன. வளையத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் அது அகலமாகும். அதனால்தான் பனியன் துணி குறுக்கே நன்றாக இழுபடும், நெடுக்கே அவ்வளவு இழுபடாது. நீங்கள் பார்த்த காணொளிகளில் பழைய டீ-சட்டையைச் சுற்றிச் சுற்றி ஒரே பட்டையாக வெட்டச் சொல்லியிருப்பார்கள். இடையில் முடிச்சு வராது, இழுத்துவிட்டால் ஓரம் சுருண்டு குழாய் போல அழகாக நிற்கும். எல்லாம் சரிதான். ஆனால் அது குறுக்கு வெட்டு. அதிகம் இழுபடும் திசையில் வெட்டிய பட்டையை எடுத்து, மறுபடியும் குரோஷா ஊசியால் வளையமாகவே பின்னியிருக்கிறீர்கள். வளையத்தால் ஆன துணியில் இன்னொரு வளையம். இரட்டைத் தொய்வு. மூன்று கிலோ காய்கறி போட்டால் முழங்காலைத் தொடாமல் என்ன செய்யும்?

ஒரு சாண் பட்டையைக் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று வெட்டி இரண்டையும் இழுத்துப் பாருங்கள். கை சொல்லிவிடும். மிதியடிக்குக் குறுக்குப் பட்டை நல்லது, மெத்தென்று இருக்கும். பைக்கு நெடுக்குப் பட்டை. பட்டை நீளம் குறைவாக இருக்கும், ஒட்டுப் போட வேண்டியிருக்கும், போடுங்கள். பையின் காதுக்கும் உள்துணிக்கும் பனியனே வேண்டாம். சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறியில் ஓடுகிற, வெளுக்காத காடாத் துணி இருக்கும்போது எதற்கு? காடாவை மடித்துத் தைத்த காது, பனியன் மாதிரி நீளாது. அடிப்பகுதியில் மூன்று சுற்றை நெருக்கிப் பின்னுங்கள். அடுத்த பையை மாமியாரிடமே கொடுத்து மறுபடி சந்தைக்கு அனுப்புங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கடை நூல் கட்டுப்படியாகாமல் பனியன் வேஸ்ட் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் மலிவு? எந்தக் குறையால் அந்தத் துணி கம்பெனியை விட்டு வெளியே வந்தது? அதைக் கேட்டீர்களா?

என் பெரியம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் வேலை பார்த்தவர். விடுமுறை நாட்களில் என்னைக் கூட்டிக்கொண்டு காதர்பேட்டைக்குப் போவார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஏற்றுமதியில் தள்ளுபடியான சரக்கும் மீதமான சரக்கும் குவிந்து கிடக்கும் தெரு. எல்லோரும் “கிலோ எவ்வளவு?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். பெரியம்மா மட்டும், “ஏனுங்க, இதற்கு என்ன நோவு?” என்று கேட்பார். கடைக்காரர், “ஒரு நோவும் இல்லைங்க, அம்மிணி” என்றால் அங்கிருந்து நகர்ந்துவிடுவார். நோவு இல்லாத துணி இங்கே எதற்கு வந்தது என்பது அவர் கணக்கு. “ஷேடு மாறிப்போச்சுங்க” என்று உண்மையைச் சொல்லும் கடைக்காரரிடம்தான் உட்கார்ந்து பேரம் தொடங்கும்.

ஒருமுறை நல்ல சிவப்பில் ஒரு கட்டு. நான் ஆசைப்பட்டுக் கேட்டேன். பெரியம்மா அதன் மூலையை எச்சில் தொட்டு, தன் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தார். கைக்குட்டை வெற்றிலை போட்ட வாயானது. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதே கடையில் சாம்பல் நிறத்தில் இன்னொரு கட்டு. எந்திரத்தில் ஓர் ஊசி தேய்ந்து, துணி முழுக்க நெடுக ஒரு கோடு விழுந்திருந்தது. சட்டை தைக்க முடியாது, வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். பெரியம்மா அதை அள்ளிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினார். கோடு பட்டையின் ஓரமாகிப் போனது. சடை பின்னி, சுருட்டித் தைத்த மிதியடிகள் எங்கள் வீட்டில் வெகுநாள் கிடந்தன. எவ்வளவு தேடினாலும் அந்தக் கோடு கண்ணில் படாது.

கம்பெனிக்குக் குறையாக இருந்து, உங்கள் வேலைக்குக் குறையாக இல்லாத சரக்குதான் மலிவு, ச. நிறம் சற்று மாறியது, துண்டு சிறியது, போன வருடத்து நிறம், ஊசிக் கோடு, இவையெல்லாம் உங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. சாயம் விடுவது, ஈரத்தில் கிடந்து இற்றுப்போனது, லைக்ரா கலந்து ரப்பராக இழுபடுவது, இவை உங்களுக்கும் குறைதான். இரண்டும் ஒரே மூட்டையில், ஒரே விலையில் இருக்கும். பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து வாங்கி, பாதியைக் குப்பையில் போடுவார். உங்கள் அலமாரி நிறைந்து கிடப்பதாகச் சொன்னீர்களே, அதில் எவ்வளவு இந்த ரகம் என்று ஒருநாள் கொட்டிப் பாருங்கள். சிக்கனம் என்று சொல்லிக்கொண்டு மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்குவதும் கடைப் பைத்தியம்தான். விலை குறைந்தால் பைத்தியம் தெளிந்துவிடுமா?

கோன் நூலுக்கும் இதே கேள்வி. நூலின் நம்பர் என்ன என்று பாருங்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள நூல்கட்டுகள், அதாவது சிட்டங்கள், எத்தனை வருகின்றனவோ அதுதான் நம்பர். எண் கூடக் கூட நூல் மெல்லியது. 30ஆம் நம்பர் ஒரு கிலோ வாங்கினால் நீளம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். திருப்பூரில் ஒரு முனையைக் கட்டிவிட்டுக் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிடலாம். அவ்வளவு மெல்லிய நூலில் பை பின்ன வேண்டுமானால் பத்து இழையாவது சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் ஒரு சிக்கல். பனியனுக்கு என்று நூற்கும் நூலுக்கு முறுக்கு குறைவு, உடம்பில் மென்மையாக இருப்பதற்காக. தறிக்குப் போகிற பாவு நூலுக்கு முறுக்கு அதிகம். பனியன் நூலில் பை பின்னினால் உரசல் பட்ட இடமெல்லாம் பஞ்சு கிளம்பும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முறுக்குக்கு எதிராகத் திருகிப் பாருங்கள். சட்டென்று பிரிந்து உதிர்ந்தால் அது குழந்தைத் தொப்பிக்கு ஆகும், பைக்கு ஆகாது.

பல்லடம், உடுமலை, வெள்ளகோவில் பக்கம், கழிவுப் பஞ்சிலிருந்து தடித்த நூல் நூற்கும் ஓபன் எண்ட் மில்கள் இருக்கின்றன. உங்களைப் போன்றவர்கள் தேட வேண்டிய நூல் அங்கேதான். பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துண்டுகளைப் பெண்கள் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். எந்திரம் அதைக் கிழித்து மறுபடி பஞ்சாக்கும், அதிலிருந்து தடித்த நூல் வரும். துண்டுத் துணியின் நிறமே நூலின் நிறம், திரும்பச் சாயம் போடத் தேவையில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று நொய்யல் கரையில் பிறந்தவர்களிடம் கேட்க வேண்டும். பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு நிறைய வேண்டும். அந்த உப்பு ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. உங்கள் மிதியடி ஆற்றைக் காப்பாற்றும் என்று சொல்லமாட்டேன். இருக்கிற நிறத்தில் பின்னுங்கள், வீட்டில் சாயப் பொடி வாங்கிக் கலக்காதீர்கள் என்கிறேன். சாயம் விடும் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்பதையும் நம்பாதீர்கள். ஒட்டாத சாயம் அலசித்தான் போகும்.

இனி, நீங்கள் போகிற போக்கில் கடைசியில் எழுதிய இரண்டு வரி. படித்ததும் எழுந்தே உட்கார்ந்தேன். உல்லன் நூலில் பாத்திரம் பிடிக்கும் கைப்பிடியா? நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓர் இழையைத் தட்டத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். உண்மையான கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும், தீ தானாக அணையும். அக்ரிலிக் உருகி, கறுத்த கெட்டி உருண்டையாகும். கொதிக்கும் குழம்புச் சட்டியை அதைக் கொண்டு பிடித்தால் உருகியது தோலோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. அதற்காக அத்தைமார் கையைச் சுட வேண்டுமா?

பின்னி முடித்தவற்றைத் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வையுங்கள், பூஜாடிக்கு அடியில் வையுங்கள், அடுப்படிக்கு மட்டும் வேண்டாம். புதிதாகச் செய்வதானால் கிழிந்த ஜமக்காளத் துண்டைக் கைப்பிடி அளவுக்கு வெட்டி, நடுவில் பருத்திப் பனியன் துணியை நான்கு மடிப்பாக வைத்துத் தையுங்கள். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06இல். ஆனாலும் அந்தப் பெயரில் எதையெதையோ விற்கிறார்கள், அதனால் அதிலும் ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்த பிறகே கத்தரியை எடுங்கள். முன்கூட்டியே வாங்கிக்கொண்ட அந்த நான்கைந்து பேரையும் இன்றைக்கே போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம்.