டோக்கன் வெளியே போனதால் மகளின் எதிர்காலம் போய்விடாது

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. கல்லிடைக்குறிச்சிக் கடையின் அப்பள ஆர்டர்களைக் கவனிக்க மகள் தானாகவே ஒரு டெலிகிராம் பாட் (செய்திகளைத் தானே கவனிக்கும் நிரல்) செய்து கொடுத்திருக்கிறாள். அதை நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டதும், கடையின் பெயரிலேயே வாடிக்கையாளர்களுக்கு "முன்பணம் அனுப்பவும்" என்று செய்தி போயிருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகுமா, இனி எந்தக் கம்பெனி அவளை எடுக்கும் என்று கேட்கிறீர்கள். மதினி சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மதினியை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். உங்கள் மகள் செய்தது கவனக்குறைவு. மோசடி செய்தவன் வேறொருவன். யாராவது பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வழி உண்டு.

கிட்ஹப்பில் போட்டதை அவள் அழித்துவிட்டதாக நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அங்கேதான். அழிப்பதற்குள் நகல் எடுத்தவனிடம் டோக்கன், அதாவது பாட்டை இயக்கும் ரகசியச் சாவி, இருக்கத்தானே செய்யும்? வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டையே மாற்றுகிறோம் அல்லவா, இங்கும் அதுதான் வேலை. டெலிகிராமில் பாட்களை நிர்வகிக்கும் பாட்ஃபாதர் கணக்கைத் திறந்து 'ரிவோக்' கட்டளை கொடுத்தால் பழைய டோக்கன் செல்லாமல் போய்விடும். இந்தக் கடிதத்தின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்; முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

இனி, அது எப்படி வெளியே போனது என்பது. பாட்டின் அமைப்பு முழுவதும் எழுத்தாக இருக்கும், அவள் அனுப்பிய ஜேசன் கோப்பைத் திறந்து பார்த்தேன். அவள் பாட்டைக் கட்டிய, வேலைகளைத் தானாக ஓடவைக்கும் என்-எய்ட்-என் மென்பொருளில் கடவுச்சொற்களை வைக்க 'கிரெடென்ஷியல்' என்று தனி இடம் இருக்கிறது. அங்கே வைத்தவை மறையாக்கம் செய்து சேமிக்கப்படும். ஒர்க்ஃப்ளோவை, அதாவது வேலைப் படிகளின் தொகுப்பை, கோப்பாக வெளியே எடுத்தால் அவற்றின் பெயரும் அடையாள எண்ணும் மட்டுமே கூட வரும். உங்கள் மகள் அந்த வழியில் போகவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு கட்டளையை வேறொரு சேவையை அழைக்கும் 'எச்டிடிபி ரிக்வெஸ்ட்' பெட்டியில் அப்படியே ஒட்டியிருக்கிறாள். டெலிகிராமின் முகவரியிலேயே 'பாட்' என்ற சொல்லை அடுத்து முழு டோக்கனும் வரும். ஆகவே கோப்பு போன இடத்துக்கெல்லாம் டோக்கனும் போயிற்று. சோதனைக்காக 'பின்' செய்து, அதாவது மாறாமல் பிடித்து, வைத்திருந்த தரவும் அதே கோப்பில் கிடக்கிறது. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்கள் அதில் இருப்பதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. டோக்கனை மாற்றலாம், ஊரார் எண்ணை மாற்ற முடியாது. அவர்களிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு ஓட்டைகளை அவள் பார்க்க வேண்டும். ஒன்று, பழைய ஓட்டங்களின் பதிவு: ஒவ்வொரு படியிலும் உள்ளே போனதும் வெளியே வந்ததும் அதில் தங்கும். ரகசியத்தை ஒரு சாதாரணப் புலத்தில் வைத்து அடுத்த படிக்குக் கடத்தினால், அந்தப் பதிவைப் பார்க்க அனுமதி உள்ள எவரும் படித்துவிடலாம். மற்றொன்று பிழைச் செய்தி. கோளாறு வந்தால் முழு விவரமும் வகுப்புத் தோழர்களின் குழுவுக்குப் போகும்படி அமைத்திருக்கிறாள். அந்த விவரத்தோடு டோக்கன் உள்ள முகவரியும் போகலாம். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற தானியங்கிச் சேவைகள் பதிவில் ரகசியத்தை நட்சத்திரக் குறிகளால் மறைக்கும் என்று அவள் வாதாடக்கூடும். மறைக்கும்தான், ஆனால் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால்தான். பேஸ்64 என்ற வேறு எழுத்து வடிவத்துக்கு மாற்றி அச்சிட்டால் அந்தத் திரையைத் தாண்டி வந்துவிடும்.

பெரிய கம்பெனிகளுக்கும் இது நடக்கிறது. டொயோட்டாவின், காரை இணையத்தோடு இணைக்கும் டி-கனெக்ட் சேவைக்கான மூலநிரலின் ஒரு பகுதியை ஒப்பந்த நிறுவனம் ஒன்று தவறுதலாக கிட்ஹப்பில் பொதுவில் வைத்துவிட்டது. அதில் ஒரு அணுகல் சாவி இருந்தது. 2017 டிசம்பரில் போனது 2022 செப்டம்பரில்தான் தெரியவந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று டொயோட்டாவே அறிவித்தது. உங்கள் மகளுக்குச் சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது.

வண்ணார்பேட்டையில் எத்திகல் ஹேக்கிங் படிப்பில் சேர்க்கலாமா, கடன் வாங்கவா என்று கேட்டீர்கள். வேண்டாம். மூன்றாம் ஆண்டில் அவளுக்குத் தேவை இன்னொரு சான்றிதழ் அல்ல. அதே பாட்டைத் திரும்பச் செய்யட்டும். டோக்கன் கிரெடென்ஷியலில் இருக்கட்டும். மறையாக்கச் சாவி உள்ள சூழல் கோப்பு, கிட்ஹப்புக்குப் போகாமல் தடுக்கும் 'கிட்இக்னோர்' பட்டியலில் சேரட்டும். போலி எண்களை வைத்துச் சோதிக்கட்டும். கிட்ஹப் 2024 முதல் பொதுக் களஞ்சியங்களில் (எல்லோரும் பார்க்கும் நிரல் தொகுப்புகளில்) தெரிந்த வகை டோக்கன்களைப் பதிவேற்றும்போதே தடுக்கிறது. அதை நம்பி இருந்துவிடக் கூடாது. அவளே வைத்த டேட்டாபேஸ் கடவுச்சொல்லை அது அடையாளம் காணாமல் விட்டுவிடலாம்.

வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கிறது. அவர்களுடைய 'ஃப்ளோ'வும் என்-எய்ட்-என் வகை மென்பொருள்தான். டெவ்ஆப்ஸ் (மென்பொருளை ஓடவைத்துப் பராமரிப்பது), இன்டக்ரேஷன் (மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைப்பது) என்று அழைக்கப்படும் பணிகளில் ரகசியங்களைக் கையாளுவது அன்றாட வேலை.

நேர்முகத்தில் இதை மறைக்கச் சொல்லவா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம். புதிய களஞ்சியத்தின் ரீட்மீ என்ற அறிமுகக் குறிப்பில், என்ன கசிந்தது, எத்தனை மணிக்கு டோக்கனை மாற்றினாள், பிறகு எதைத் திருத்தினாள் என்று பத்து வரியில் எழுதி வைக்கட்டும். கேட்டால் அதைத் திறந்து காட்டட்டும். எழுதியதும் எனக்கு ஒரு முறை அனுப்பச் சொல்லுங்கள். அதில் வாடிக்கையாளர் பெயர் எதுவும் வந்துவிடாமல் பார்த்துத் தருகிறேன்.