காட்டோரம் ஒரு மேசை: கேள்வி பதில்

சென்ற மாதம் பாலக்காட்டுச் சித்தூரில் நம் வாசகர் வட்டம் கூடியபோது, மலையடிவாரத்தில் கலைஞர்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்து வேலை செய்ய விடுகிறார்கள் என்ற பேச்சு வந்தது. நான் நீர்வண்ணத்தில் வரைபவள். நான்கு முறை இப்படிப் போய்த் தங்கியிருக்கிறேன். அதனால் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அந்தச் சீட்டுகளுக்குப் பதில் இது.

வேலந்தாவளம், ஓவியம் படிக்கும் மாணவர்: அக்கா, ரெசிடென்சி என்கிறார்களே, அது ரிசார்ட்டில் ரூம் போடுவது மாதிரிதானா?

இல்லை தம்பி. ரிசார்ட்டில் நீங்கள் விருந்தாளி. ரெசிடென்சிக்கு உங்கள் வேலையைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு அறை, ஒரு மேசை, நேரத்துக்குச் சாப்பாடு, யாரும் கதவைத் தட்டாத பகல், அவ்வளவுதான் தருவார்கள்.

இதில் பழையது ஒன்று அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் மெக்டவல். 1907-இல் இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும், பியானோ வாசிக்கும் அவர் மனைவி மரியனும் தங்கள் பண்ணையில் தொடங்கியது. மரங்களுக்கு நடுவே ஆளுக்கொரு குடில். மதியச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். எனக்கு அந்தக் கூடை மேல்தான் கண். நம் வீடுகளில் எழுதுகிற, வரைகிற பெண்களுக்கு மதியச் சோறு என்பது பகலை இரண்டாக வெட்டுகிற கத்தி. பதினொரு மணிக்கே உலை மேல் நினைப்புப் போய்விடும். அதை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் ஒரு முழுப் பகல் கைக்கு வருகிறது.

சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கியது. கோவையில் பிறந்த மலையாளி அவர். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் ஓவியர்கள் கடற்கரையில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அது வந்து போகிற இடமாக இல்லாமல், வாழ்கிற கிராமமாக உருவானது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை, கடை வைத்திருக்கும் கவிஞர்: ஒரு மாதம் கடையைச் சாத்த என்னால் முடியாது. பத்து நாள் போனால் பிரயோஜனம் உண்டா?

உண்டு அண்ணா, கையில் பாதி முடிந்த வேலை இருந்தால். புதிதாகத் தொடங்கப் பத்து நாள் போதாது. முதல் நான்கு நாள் தூக்கத்திலும் கடை நினைப்பிலும் போய்விடும்.

மறையூர், நீர்வண்ண ஓவியர்: எந்த மாதம் போகலாம்? மழையில் போக எனக்கு ரொம்ப ஆசை.

ஆசை சரிதான். என் கதையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு ஜூலையில் நெல்லியாம்பதிப் பக்கம் ஒரு வீட்டில் தங்கினேன். எங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில், தாளில் வைத்த வண்ணம் டீ ஆறுவதற்குள் காய்ந்துவிடும். அங்கே காலையில் பூசிய நீலம் சாயங்காலம் தொட்டாலும் விரலில் ஒட்டியது. நான்காம் நாள் அலமாரியைத் திறந்தேன். நீர்வண்ணத்துக்கான கனத்த 300 ஜிஎஸ்எம் தாள் கட்டு முழுவதும், மிளகுத்தூள் தூவின மாதிரி சாம்பல் புள்ளி. பூஞ்சை. வெறும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்கூட, வண்ணம் வைத்தவுடன் மையொற்றுத் தாள் போல உறிஞ்சிக் கறையாகக் காட்டிக்கொடுத்தது. ஒரு தாள்கூடத் தேறவில்லை.

வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடாமல் தாள் தாங்குவதற்காக அதன் மேல் ஜெலட்டின் போன்ற பசை பூசியிருப்பார்கள். பூஞ்சைக்கு அது விருந்து. அதனால் மழைக்காலத்தில் தாளைச் சிலிக்கா ஜெல் பையோடு பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டிக் கொண்டுபோங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். இல்லையென்றால் கரித்துண்டு எடுத்துப் போங்கள், அதற்கு ஈரம் அவ்வளவு பொருட்டில்லை. நான் மிச்ச நாட்களைத் தேயிலை டிப்போவில் வாங்கிய பழுப்பு உறைத்தாளில் ஓட்டினேன். காயாத வண்ணத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தை விட்டு, அது எங்கே ஓடுகிறதோ ஓடட்டும் என்று பார்க்கப் பழகியது அந்த வீட்டில்தான். மலை மேல் இறங்கும் மேகத்தை வேறு எந்த முறையிலும் என்னால் வரைய முடிந்ததில்லை.

உங்கள் மறையூர், மலை மழையைத் தடுத்துவிடும் மழைமறைவுப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து மழை பார்க்கத்தான் ஆசை வரும், புரிகிறது. குறிஞ்சிக்காகத் திட்டமிட்டால் மூணாறு பக்கம் 2018-இல் பூத்தது. 12 ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2030.

கொல்லங்கோடு, ஓய்வு பெற்றவர்: காட்டுக்கு உள்ளேயே தங்கி வரைய முடியுமா?

பெரும்பாலும் முடியாது ஸார், முடியாமல் இருப்பதும் நல்லதுதான். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைவதே குற்றம். அமைதிப் பள்ளத்தாக்குக்கு முக்காலியிலிருந்து வனத்துறை ஏற்பாட்டில் ஜீப்பில் போகலாம், சைரந்திரி வரை 23 கிலோமீட்டர். பார்த்துவிட்டு அன்றே திரும்ப வேண்டும். முக்காலியிலோ அகளியிலோ தங்கிக்கொண்டு இரண்டு மூன்று தடவை போய்வருவதே நடைமுறை.

அந்தக் காட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்குள் ஓடும் குந்திப்புழை ஆற்றில் அணை கட்டும் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் முன் வரிசையில் இருந்தவர் கவிஞர் சுகதகுமாரி. மேடை மேடையாகக் கவிதை வாசித்தார்கள். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984-இல் தேசியப் பூங்கா ஆனது. காடு நமக்கு என்ன தரும் என்று கேட்டுப் போகிறோம். அங்கே கவிஞர்கள் காட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அகளி, ஆசிரியை: வெளியூர்க் கலைஞர்கள் எங்கள் மலைக்கு வந்து இருளர் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போகிறார்கள். அப்புறம் ஆளையே காணோம். இது சரியா?

சரியில்லை டீச்சர். இந்தச் சீட்டைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது, நானும் ஒரு தடவை கேட்காமல் ஸ்கெட்ச் போட்டிருக்கிறேன்.

வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஊருக்குள் போகுமுன் ஊர்த் தலைவரான மூப்பனைப் பார்த்துப் பேசுங்கள். கொகல் என்ற குழலும் பெறை என்ற மேளமும் வாசிக்கும் இடத்தில் போனை நீட்டாதீர்கள். முதலில் உட்கார்ந்து கேளுங்கள். சில பாட்டு சாவுக்கு உரியது, சில சாமிக்கு உரியது. எதைப் பதிவு செய்யலாம் என்று சொல்ல வேண்டியது பாடுகிறவர்கள். பதிவு எங்கே போகும், யார் பெயர் போடுவீர்கள், காசு வந்தால் யாருக்கு என்பதைத் தமிழிலோ மலையாளத்திலோ அவர்கள் முன்னாலேயே பேசி முடிக்க வேண்டும். திரும்பி வந்து அந்தப் பதிவை அவர்கள் வீட்டில் போட்டுக் காட்டுங்கள். அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மா 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதில் சிறந்த பாடகியானார். அவர் பெயர் ஊரறிய வந்தது. பெயரே வராமல் போன குரல்கள் உங்கள் பக்கம் எத்தனை இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தங்கும் இடம் நடத்துகிறவர்களிடம் இன்னொன்று கேளுங்கள்: உள்ளூர்க்காரர்களை சமையலுக்கும் வழிகாட்டவும் மட்டும் வைத்திருக்கிறீர்களா, ஒரு அறையில் அவர்களில் ஒருவர் தங்கி வேலை செய்ய இடம் உண்டா?

சித்தூர், சிறுகதை எழுதுபவர்: விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? நான் தமிழில் மட்டும்தான் எழுதுகிறேன்.

தமிழ் தடையே இல்லை. 2008-இல் தொடங்கிய சங்கம் ஹவுஸ் என்ற எழுத்தாளர் ரெசிடென்சி இந்திய மொழி எழுத்தாளர்களையும் சேர்த்துக்கொண்டதுதான். ஆனால் தேர்வுக் குழு படிக்க ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்பார்கள். ஒரு நல்ல கதையை இப்போதே யாரிடமாவது கொடுத்து ஒழுங்காக மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் ஓட வேண்டாம்.

‘இயற்கையின் மடியில் என் கற்பனை சிறகடிக்கும்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நூறு பேர் அதைத்தான் எழுதுவார்கள். ‘கோவிந்தாபுரம் செக்போஸ்டில் தக்காளி லாரி ஓட்டுகிறவர்களைப் பற்றி ஆறு கதை எழுதிவிட்டேன், இன்னும் நான்கு வேண்டும், வீட்டில் ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது’ என்று எழுதுங்கள். படிப்பவருக்கு உடனே புரியும்.

விண்ணப்பக் கட்டணம் சிறியதாக இருந்தால் பரவாயில்லை. தேர்வாகிவிட்டீர்கள், முன்பணம் அனுப்புங்கள் என்று அவசரப்படுத்தினால் நில்லுங்கள். அங்கே தங்கிய இருவரிடம் பேசாமல் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம். நான் அனுப்பி ஏமாந்திருக்கிறேன்.

ஆனைக்கட்டி, பெயர் போடாத சீட்டு: போனேன். ஆறு, மலை, பறவை எல்லாம் இருந்தது. மூன்று வாரம் ஒரு வரிகூட வரவில்லை. என்னிடம்தான் குறையா?

குறை ஒன்றுமில்லை. இது நிறையப் பேருக்கு நடக்கிறது, எனக்கு இரண்டாவது தடவை நடந்தது. அழகான இடம் முதலில் வாயை அடைத்துவிடும். ஜன்னலைத் திறந்தால் முழு மலையும் நிற்கிறது, எங்கே தொடங்குவது?

நான் செய்ததைச் சொல்கிறேன். பவானி ஆற்றங்கரையில் ஒரே ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு அதற்கு எதிரே உட்கார்ந்தேன். முதல் நாள் அது சாம்பல் நிறம். மூன்றாம் நாள் தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. மேலே மழை பெய்த அன்று அந்தக் கோடு தண்ணீருக்கு அடியில் போனது, மறுநாள் பழுப்பாக வெளியே வந்தது. எட்டாம் நாள் பாறையின் இடுக்கில் ஒரு தவளை தினமும் அதே இடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் வரைய விஷயம் தேட வேண்டியிருக்கவில்லை.

எழுதுபவர் என்றால் பெயர்களைச் சேருங்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார், அவற்றில் பாதியை நமக்கு அடையாளம் தெரியாது. தங்கும் வீட்டில் சமைக்கும் அம்மாவோடு ஒரு நடை போய், வழியில் இருக்கும் ஒவ்வொரு செடிக்கும் அவர் சொல்லும் பெயரை எழுதுங்கள். முப்பது பெயர் சேர்ந்ததும் ஏதாவது ஒன்று உங்களை இழுக்கும்.

முதலமடை, பெண் புகைப்படக் கலைஞர்: தனியாக மலையில் தங்கப் போகிறேன் என்றால் அப்பா விடமாட்டார். எப்படிச் சமாளித்தீர்கள் அக்கா?

தங்குமிடத்தாரிடம் முதலில் இதையெல்லாம் கேளுங்கள்: அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, ராத்திரி வளாகத்தில் யார் இருப்பார்கள், சிக்னல் எங்கே கிடைக்கும், ஆஸ்பத்திரி எத்தனை தூரம், யானை வரும் பருவமா? பலாப்பழம் பழுக்கும்போது யானை வீட்டோரம் வரும், சாயங்காலத்துக்கு மேல் வெளியே நடக்கக்கூடாது. இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர்களிடம் போகலாம்.

அப்பாவை முதல் நாள் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். சமையற்கட்டைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், காவலுக்கு இருந்த அண்ணனிடம் அவர் ஊர் எது என்று விசாரித்தார். மத்தியானம் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குத் தானாகவே கிளம்பினார். அடுத்த வாரம் போன் பண்ணி, தாள் காய்கிறதா என்று கேட்டார்.