‘பல்க்கி யூட்ரஸ்’ என்று எழுதியிருந்தால் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?

(தர்மபுரியில் 24 ஆண்டுகளாக ஸ்கேன் பார்த்துவரும் பெண் மருத்துவர், வாசகியரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

எனக்கு 45 வயது. இரண்டு பிள்ளைகள். ஒரு வருடமாகத் தீட்டு பத்து நாள் வரை நிற்பதில்லை, கட்டி கட்டியாகப் போகிறது. தக்காளி மண்டியில் வேலை. கூடையைத் தூக்கினால் தலை சுற்றுகிறது. வயிற்று ஸ்கேனில் ‘பல்க்கி யூட்ரஸ்’ என்று வந்தது. எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார்கள். மகள், எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, பாலக்கோடு

ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று, அம்மா. ‘பல்க்கி’ என்பது நோயின் பெயரே இல்லை. கர்ப்பப்பை கொஞ்சம் பருத்திருக்கிறது என்று அளவைச் சொல்லும் சொல், அவ்வளவுதான். சாதாரணமாக நீளம் 7, 8 செ.மீ. இருக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உங்களுக்கு 10.4.

இந்த ஒரு சொல்லை நம்பிக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒருத்திக்கு வயது 36. எடுத்தபிறகும் வலி போகவில்லை என்று என்னிடம் வந்தாள். பழைய ரிப்போர்ட்டை விரித்துப் பார்த்தேன். ‘பல்க்கி’ என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. அன்று எனக்கு வந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கர்ப்பப்பை ஏன் பருத்தது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ராகிக் களி கிண்டுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். களியில் மாவு கட்டி தட்டிவிட்டால் அந்தக் கட்டியை மட்டும் விரலால் எடுத்துப் போடலாம். நார்க்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு, அப்படிப்பட்டது. உப்பு கூடிப்போன களியில் உப்பை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா? அடினோமயோசிஸ் அப்படிப்பட்டது. கர்ப்பப்பையின் உள்சவ்வு தசைக்குள்ளேயே ஊறிப் பரவியிருக்கும்.

ஸ்கேனில் இரண்டும் வேறு வேறாகத் தெரியும். நார்க்கட்டிக்கு ஓரம் தெளிவாக இருக்கும், ரத்தக் குழாய்கள் அதைச் சுற்றி ஓடும். அடினோமயோசிஸில் ஓரமே பிடிபடாது. ஒரு பக்கச் சுவர் மட்டும் தடித்திருக்கும், நடுநடுவே கடுகளவு நீர்ப்பைகள் தெரியும், ரத்தக் குழாய்கள் குறுக்கே நேராகப் போகும். உங்கள் ரிப்போர்ட்டில் பின்சுவர் தடிப்பு என்று ஒரு வரி இருக்கிறது. நார்க்கட்டி இருக்கிறது என்றோ இல்லை என்றோ எழுதவில்லை, ரத்த ஓட்டமும் பார்க்கவில்லை. நார்க்கட்டியே என்றாலும் அது இருக்கும் இடம்தான் முக்கியம். வெளிப்பக்கம் தொங்கும் 6 செ.மீ. கட்டி சும்மா கிடக்கும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் 2 செ.மீ. கட்டி ரத்தத்தைக் கொட்ட வைத்துவிடும்.

ஆகவே முதலில் பிறப்புறுப்பு வழியாக ஒரு ஸ்கேன் எடுங்கள். இதற்குச் சிறுநீர் முட்ட வேண்டியதில்லை, போய்விட்டு வந்து படுத்தால் போதும். கருவி கர்ப்பப்பைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் படம் துல்லியமாக விழும். கூச்சமாக இருந்தால் பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள், அதில் தவறே இல்லை. தீட்டு நின்ற கையோடு போவது நல்லது. அப்போதுதான் உள்சவ்வு மெல்லியதாக இருக்கும், சின்னச் சதை வளர்ச்சி இருந்தாலும் மறையாது. அப்படியும் சந்தேகம் என்றால் மெல்லிய குழாய் வழியே 5, 10 மி.லி. உப்புநீரை உள்ளே விட்டுப் பார்ப்போம். தண்ணீர் சூழ்ந்ததும் அந்தச் சதை தனியாகத் தெரிந்துவிடும்.

மகளிடம் சொல்லுங்கள், அவள் நினைப்பது தப்பில்லை, ஆனால் எம்.ஆர்.ஐ. முதல் படி இல்லை. கட்டிகள் நிறைய இருந்து, கர்ப்பப்பையைக் காப்பாற்றிக்கொண்டு அவற்றை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் அது கைகொடுக்கும். நார்க்கட்டியா அடினோமயோசிஸா என்ற குழப்பம் ஸ்கேனில் தீராவிட்டாலும் எடுக்கலாம். அந்தப் பணத்துக்கு முன்னால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். தலைசுற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் ரத்தக் குறைவுதான். 45 வயதில் இப்படிப் போகும்போது உள்சவ்விலிருந்து ஒரு துளித் திசு எடுத்துச் சோதிப்பதும் அவசியம். அதில் கெட்டது எதுவும் இல்லையென்றால் மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ‘ஹார்மோன் காயில்’ என்ற சின்னச் சாதனம் இருக்கிறது. எடுப்பது பற்றி அப்புறம் பேசலாம்.

மகளுக்கு 15 வயது முடிந்துவிட்டது, இன்னும் வயசுக்கு வரவில்லை. ஆறு மாதமாக மாதம் தவறாமல் நாலு நாள் அடிவயிறு வலிக்கிறது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கதிர் பட்டு நாளைக்குப் பிள்ளைப்பேறு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், தேன்கனிக்கோட்டை

ஸ்கேனில் கதிர் கிடையாது தாயி, வெறும் ஒலி அலைதான். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியை விட்டுப் பார்க்கும் கருவியை வைத்துத்தான் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர் பெண்களின் வயிற்றுக் கட்டிகளை ஆராய்ந்தார். 1958-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். எக்ஸ்ரேயும் சி.டி.யும்தான் கதிர். எம்.ஆர்.ஐ.யிலும் கதிர் இல்லை.

உங்கள் மகளுக்கு வயிற்றின் மேல் வைத்து மட்டுமே பார்ப்பார்கள். நாலைந்து டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டிப் போங்கள். ஒலி காற்றைத் தாண்டாது, குடலில் இருப்பதோ காற்று. நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கிவிட்டு, கர்ப்பப்பையைப் பார்க்க ஜன்னல் போல நிற்கும்.

தள்ளிப்போட வேண்டாம். அவளுக்கு உள்ளே தீட்டு ஆகிக்கொண்டிருக்கலாம், வெளியே வர வழி இல்லாமல் ரத்தம் தேங்கலாம். வாசலில் ஒரு மெல்லிய சவ்வு அடைத்திருப்பதுதான் காரணம் என்றால் சின்ன அறுவையில் சரியாகிவிடும். கர்ப்பப்பையின் அமைப்பிலேயே மாறுதல் இருப்பதாகத் தெரிந்தால் எம்.ஆர்.ஐ. கட்டாயம் எடுங்கள், அங்கே அதற்கு இணை இல்லை. சிறுநீரகம் இரண்டும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பப்பையும் சிறுநீரகமும் கருவில் ஒரே சமயத்தில் உருவாகிறவை, ஒன்றில் குறை என்றால் மற்றதிலும் இருக்கலாம். மஞ்சள் நீராட்டு எப்போது என்று சொந்தக்காரர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை.

அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. தீட்டு நின்று 12 வருடம் ஆனபிறகு இரண்டு தடவை லேசாகக் கறை பட்டது. ஸ்கேனில் உள்சவ்வு 9 மி.மீ. இப்போது நின்றுவிட்டது, காத்திருக்கலாமா?
– வாசகர், அரூர்

காத்திருக்கக் கூடாது. தீட்டு நின்றபிறகு கறை பட்டவர்களுக்கு உள்சவ்வு 4 மி.மீ.க்குள் இருந்தால் மனம் பெரும்பாலும் ஆறுதல் கொள்ளலாம். 9 என்றால் திசு எடுத்தே தீர வேண்டும். புற்றுநோய் என்று முடிவாகிவிட்டதாக அர்த்தமில்லை, சாதாரணச் சதை வளர்ச்சியாகவும் இருக்கலாம். ஆனால் அதைப் படம் சொல்லாது, திசுதான் சொல்லும். ஒருவேளை நோய் என்று வந்தால், சுவரில் பாதி ஆழத்தைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பாதியைத் தாண்டாதபோது பிடித்துவிட்டால் குணமாகும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.